கொட்டகையில் நிற்கும் கம்பானியன்



பாபநாசம் பக்கம் ஒரு வைக்கோல் கொட்டகையில் ஸ்டாண்டர்டு கம்பானியன் கார் நிற்கிறது. 1961-இல் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டை வைத்து மெட்ராஸ் கம்பெனி செய்த ஸ்டேஷன் வேகன் அது. இன்று காண்பதே அரிது. 108 ஆம்புலன்ஸ் நம் மாநிலத்துக்கு வந்தது 2008-இல்தான். அதற்கு முன் ராஜகிரி, பண்டாரவாடையிலிருந்து பிரசவ வலி கண்ட பெண்களைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனது இந்த வண்டி. நடுஇரவில் கதவைத் தட்டினாலும் அதன் சொந்தக்காரர் இல்லையென்று சொன்னதில்லை.

அவர் மறைந்தபின், "அத்தா நினைவு" என்று பிள்ளைகள் விற்கவுமில்லை, பழுதுபார்க்கவுமில்லை. அடித்தகடு துருவேறி உதிர்கிறது. நாம் கேட்பது இதுதான்: சகோதரிகளையும் அழைத்து உட்காருங்கள். அவர்களுக்கும் அதில் பங்குண்டு. ஓட வைப்பதா, விற்றுப் பங்கிடுவதா, எல்லோரும் மனமொப்பி நோயாளிகளின் போக்குவரத்துச் செலவுக்குக் கொடுப்பதா என்று இந்த மழைக்கு முன் முடிவெடுங்கள்.