கம்பெனி வீடும் சொந்த வீடும்



தோட்டத்து லயங்களில் குடியிருந்தவர்களுக்கு ஒன்று தெரியும். சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் ஆபீசைக் கேட்க வேண்டும். ஆனால் கூரை ஒழுகினால் பார்க்க வேண்டியதும் ஆபீசுதான். பார்த்தார்களா என்பது வேறு கதை. சொந்த மனையில் வீடு கட்டியவர் ஆணியை எங்கும் அடிக்கலாம். ஒழுகினால் தாமே ஏணி போட வேண்டும். இன்று கடைகளில் விற்கும் இரு வகைக் கைத்தொலைபேசிகளுக்கும் உள்ள வேற்றுமை ஏறக்குறைய இதுதான்.

ஐபோன் 2007-இல் வெளிவந்தது. அந்தக் கருவியை வடிவமைப்பதும், அதனை இயக்கும் மென்பொருளைச் செய்வதும் ஆப்பிள் என்னும் ஒரே நிறுவனம். ஆண்ட்ராய்டு என்பதோ கருவியின் பெயர் அன்று. அது கூகுள் நிறுவனத்தின் மென்பொருள். பல கம்பெனிகள் அதைத் தத்தம் கருவிகளில் வைத்து 2008 முதல் விற்று வருகின்றன. விலை குறைந்தவையும் உண்டு, கூடியவையும் உண்டு.

இந்த வேற்றுமையை நம்மவர்கள் தமிழ் எழுதும்போதுதான் நன்றாக உணர்ந்தோம். ஆண்ட்ராய்டில் வெளியார் செய்த விசைப்பலகையை 2009 முதலே போட்டுக்கொள்ள முடிந்தது. நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினத்தைப் பலர் அப்படித்தான் பயன்படுத்தினார்கள். ஐபோனில் இதற்கு 2014 வரை இடமில்லை. ஆனால் 2013-இல் ஆப்பிளே தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துவிட்டது. அதற்குப் பின் தனியாக எதையும் இறக்க வேண்டிய தேவை இல்லாமற்போயிற்று. ஆபீசு மனம் வைத்தால் வேலை சுத்தமாகத்தான் நடக்கிறது. மனம் வைக்கும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவே.

அடுத்து, கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் பால் வெட்டிய கையில், குலை சுமந்த கையில், ரேகை தேய்ந்திருக்கும். விரலை வைத்துப் பூட்டைத் திறக்கும் கைத்தொலைபேசி, உடையவரையே யாரென்று கேட்கும். 2017-இல் ஐபோன் எக்ஸ் வந்தது முதல் பெரும்பாலான ஐபோன்கள் முகத்தைப் பார்த்துத் திறக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துவதால், விடியுமுன் பெரட்டுக்குப் போகிறவருக்கும் இருட்டில் திறக்கும். விலை குறைந்த ஆண்ட்ராய்டு கருவிகளிலும் முகம் பார்க்கும் வசதி உண்டு. ஆனால் அவற்றில் பல சாதாரணக் கேமராவையே நம்புவதால் இருட்டில் தடுமாறும், பாதுகாப்பும் குறைவு. அத்தகைய கருவி வைத்திருப்பவர்கள் தேய்மானம் குறைந்த வேறொரு விரலைப் பதிந்துகொள்ளலாம். இல்லையென்றால் எண் பூட்டே போதும்.

முதன்முதலாகத் தொடும் பெரியவர்கள் திகைப்பது இன்னோர் இடத்தில். ஒரு பக்கத்திற்குள் போய்விட்டால் திரும்பி வருவது எப்படி? ஆண்ட்ராய்டில் திரையின் அடியில் மூன்று பொத்தான்கள் இருக்கும். இல்லாவிட்டாலும் பெரும்பாலான கருவிகளில் அமைப்புப் பகுதிக்குப் போய் வரவழைத்துக்கொள்ளலாம். ஐபோனில் இடது ஓரத்திலிருந்து விரலைத் தள்ள வேண்டும், அல்லது மேல் மூலையிலுள்ள சிறு அம்பைத் தேட வேண்டும். இதனால் ஆண்ட்ராய்டே எளிது என்று சொல்லிவிடத் தோன்றும். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். கோலாலம்பூரில் வேலை செய்யும் மகள் ஐபோன் வைத்திருந்தால், தோட்டத்திலிருக்கும் தாய்க்கும் ஐபோனே எளிது. “இடது ஓரத்தைத் தள்ளுங்கம்மா” என்று தன் கருவியைப் பார்த்தபடியே அவள் சொல்லிக்கொடுக்கலாம் அல்லவா? மகளிடம் ஆண்ட்ராய்டு இருந்தால் தாய்க்கும் அதையே, முடிந்தால் அதே கம்பெனியின் கருவியையே, வாங்குங்கள்.

கூரைக்கு வருவோம். கைத்தொலைபேசிக்குக் கூரை, பாதுகாப்புப் புதுப்பிப்பு. 2015-இல் விற்பனைக்கு வந்த ஐபோன் 6எஸ், 2021-இல் வெளிவந்த மென்பொருளையும் ஏற்றுக்கொண்டது. ஆண்ட்ராய்டில் இது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். கூகுள் 2023-லும் சாம்சுங் 2024-லும் தங்கள் உயர்விலைக் கருவிகளுக்கு ஏழாண்டு வாக்குக் கொடுத்தன. மலிவானவற்றுக்குப் பெரும்பாலும் அத்தனை ஆண்டு கிடைப்பதில்லை. விலையைக் கேட்கும்போதே எத்தனை ஆண்டுக்குப் புதுப்பிப்பு வரும் என்றும் கடைக்காரரைக் கேளுங்கள்.

ஒரு வகையிலிருந்து மற்றதற்கு மாறுகிறவர்களுக்கு ஒரு சொல். ஆண்ட்ராய்டிலுள்ள வாட்சாப் செய்திகளை ஐபோனுக்குக் கொண்டுபோக 2022-இல்தான் முறையான வழி பிறந்தது. புதிய ஐபோனை முதன்முறை அமைக்கும்போதே அதைச் செய்துவிடுவது நல்லது. எல்லாம் வந்து சேர்ந்ததா என்று திறந்து பார்க்கும்வரை பழைய கருவியைத் துடைத்து விற்றுவிடாதீர்கள். மறைந்துபோன தாத்தா பேரனுக்குப் பேசி அனுப்பிய குரல் அதில்தான் இருக்கும்.