‘அடைப்பு இல்லை’ என்று வந்த ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேசச் சொன்னபோது, “ஒரு டாக்டரை அழைக்கலாமே சார்” என்றேன். “டாக்டர் வந்தால் நோயைப் பற்றிப் பேசுவார், நீங்கள் ரிப்போர்ட்டைப் பற்றிப் பேசுங்கள்” என்றார். நான் பி.காம். படித்து வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். மருத்துவம் எனக்குத் தொழில் இல்லை. பொடி எழுத்தைக் கடைசி வரி வரை படிப்பதுதான் தொழில். அந்தத் தைரியத்தில் நம் குடியிருப்பில் சிலர் தங்கள் இதய ஸ்கேன் ரிப்போர்ட்டை என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அவர்களிடம் தனித்தனியாகச் சொன்னதை உங்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். மருந்தை மாற்றுவது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டர் வேலை. அதில் நான் தலையிட மாட்டேன்.

பெரும்பாலான ரிப்போர்ட்டுகளில் ஒரே மாதிரி வாசகம்தான். எல்.ஏ.டி.யில் 30 சதவீதம், இன்னொரு குழாயில் லேசான படிவு, கீழே ‘நான் அப்ஸ்ட்ரக்டிவ் கரோனரி ஆர்ட்டரி டிசீஸ்’. வீட்டுக்கு வந்ததும் இது “பிளாக் ஒன்றும் இல்லையாம்” என்று சுருங்கிவிடுகிறது. ரங்கநாதருக்கு ஒரு அர்ச்சனை, ஃபைல் பீரோவுக்குள். மாத்திரை ஆறு மாதம் ஓடும். பிறகு அதுவும் நின்றுவிடும்.

அந்த வாசகத்தின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். ‘டிசீஸ்’, அதாவது நோய். ‘நான்’ என்பது ‘அப்ஸ்ட்ரக்டிவ்’ என்ற சொல்லோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நோய் இருக்கிறது, அது வழியை மறிக்கவில்லை என்பதுதான் அர்த்தம்.

டாக்டர்கள் பொதுவாக 50 அல்லது 70 சதவீதத்தில் ஒரு கோடு போடுகிறார்கள். அதற்கு மேல் போனால் ரத்த ஓட்டம் தடைபடலாம், ஸ்டென்ட்டா பைபாஸா என்ற கேள்வி வரலாம். அந்தக் கோடு அதற்காகப் போட்டது. அதற்குக் கீழே இருப்பவர் எல்லாம் ஆரோக்கியம் என்று சொல்வதற்காகப் போட்டதல்ல. எங்கள் வங்கிக் கணக்கில் சொல்கிறேன். ஒரு கடன் 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால்தான் வாராக்கடன். அதற்காக 60 நாள் நிலுவையில் உள்ள கடனை நல்ல கடன் என்று யாரும் சொல்வதில்லை. ‘ஸ்பெஷல் மென்ஷன் அக்கவுண்ட்’ என்று தனியாகக் குறித்து வைத்துக் கண்காணிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 30 சதவீதப் படிவு அந்த ரகம்.

பலர் இதைச் சமையலறைத் தொட்டிக் குழாய் அடைப்பு மாதிரி நினைக்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கு உள்ளே ஒட்டி, வழி சிறுத்து, ஒருநாள் முழுக்க அடைத்துக்கொள்ளும் என்று. இதயக் குழாய் அப்படியில்லை. கொழுப்பு சேர்வது வழியில் அல்ல, சுவருக்குள்ளே. சுவர் முதலில் வெளிப்பக்கமாக வீங்கி இடம் கொடுக்கும். குழாயின் குறுக்குப் பரப்பில் சுமார் 40 சதவீதத்தைப் படிவு நிரப்பும் வரைகூட உள்வழி குறுகாமல் இருக்க முடியும் என்று சிகாகோவைச் சேர்ந்த கிளாகோவ் என்ற மருத்துவர் 1987-லேயே காட்டிவிட்டார். கையிலோ தொடையிலோ குழல் விட்டு எடுக்கும் ஆஞ்சியோகிராம் மையை உள்ளே செலுத்தி, அது ஓடுகிற வழியைத்தான் படம் பிடிக்கிறது. சுவருக்குள் இருப்பது அதில் சரியாகத் தெரியாது. சி.டி. ஆஞ்சியோவில் சுவரும் தெரியும்.

மாரடைப்பு பெரும்பாலும் எப்படி வருகிறது? படிவின் மேலே மூடியிருக்கிற மெல்லிய தோல் கிழிகிறது. உள்ளே இருக்கும் கொழுப்பு ரத்தத்தில் படுகிறது. உடனே அங்கே ரத்தம் கட்டி உறைந்து வழியை அடைக்கிறது. நேற்று 30 சதவீதம், இன்று அரை மணியில் 100 சதவீதம். 1988-ல் வந்த ஒரு சின்ன ஆய்வு இதற்குச் சான்று. முன்பே ஆஞ்சியோகிராம் எடுத்திருந்து, பிறகு மாரடைப்பு வந்த 29 பேரின் பழைய படங்களை எடுத்துப் பார்த்தார்கள். 19 பேருக்குப் பின்னாளில் அடைத்துக்கொண்ட குழாயில் அப்போது 50 சதவீதம்கூடக் குறுகல் இல்லை. பெரிய படிவைவிடச் சின்னப் படிவு மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒன்றுக்கு ஒன்று எடுத்தால் பெரியதுதான் ஆபத்து. ஆனால் சின்னவை எண்ணிக்கையில் அதிகம்.

“நான் உச்சிப்பிள்ளையார் கோயில் படி ஏறி இறங்குகிறேன், மூச்சு வாங்கவில்லை” என்று ஒரு நண்பர் சொல்வார். நல்லதுதான். அது இன்றைய ரத்த ஓட்டத்துக்குச் சான்றிதழ், அவ்வளவுதான். டிரெட்மில் சோதனையும் அப்படியே. அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்தியாளர் டிம் ரஸ்ஸர்ட் 2008 ஏப்ரலில் அந்தச் சோதனையில் தேறினார். ஜூன் 13 அன்று அலுவலகத்திலேயே மாரடைப்பில் இறந்துபோனார். வயது 58.

பயமுறுத்துவது என் நோக்கம் இல்லை. அதனால் இனி எண்களைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினர் 37,674 பேரின் ஆஞ்சியோகிராம்களைத் தொடர்ந்து பார்த்து 2014-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு வருடத்துக்குள் மாரடைப்பு வந்தவர்கள், குழாய் சுத்தமாக இருந்தவர்களில் ஆயிரத்துக்கு 1 பேர். ஒரு குழாயில் மட்டும் மறிக்காத படிவு இருந்தவர்களில் 2 பேர். இரண்டு அல்லது மூன்று குழாய்களில் இருந்தவர்களில் 6 பேர். உண்மையிலேயே அடைப்பு இருந்தவர்களில் 12 முதல் 25 பேர். அவர்கள் பெரும்பாலும் ஆண்கள், வேறு நாட்டுக்காரர்கள். எண்ணை அப்படியே நமக்கு ஒட்ட வைக்க முடியாது. போக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதை இரண்டு விதமாகவும் படிக்க வேண்டும். ஆயிரத்தில் 994 பேருக்கு அந்த வருடம் மாரடைப்பு வரவில்லை. ஆகவே ரிப்போர்ட்டைப் பார்த்துத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம், பெண் கல்யாணத்தை அவசரமாக முடிக்கவும் வேண்டாம். அதே சமயம், சுத்தமான குழாய்க்காரரைவிட ஆறு பங்கு வரை அதிகம். அதுவும் ஒரே ஒரு வருடக் கணக்கு. நமக்கு 20 வருடம் பாக்கி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ரெக்கரிங் டெபாசிட் மாதிரி வருடா வருடம் சேர்ந்துகொண்டே போகும்.

இன்னொன்றும் இதில் தெரிகிறது. எத்தனை சதவீதம் என்பதோடு, எத்தனை குழாய்களில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதும் முக்கியம். “எனக்கு 30, உனக்கு 40” என்று லிஃப்டில் ஒப்பிட்டுக்கொள்வதில் பிரயோஜனம் இல்லை.

நம்மவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வில், முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது தெற்காசியர்களுக்கு 53, மற்றவர்களுக்கு 59. டாக்டர் வி. மோகன் குழுவினர் சென்னையில் நடத்தி 2001-ல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதயக் குழாய் நோய் இருந்தது. சர்க்கரை நோயாளிகளில் 21 சதவீதம். நம் பிளாக்கில் சர்க்கரை மாத்திரை போடாத வீட்டை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

“30 சதவீதமாக இருக்கும்போதே ஒரு ஸ்டென்ட் வைத்துவிட்டால் என்ன? இன்ஷூரன்ஸ்தான் இருக்கிறதே” என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். மறிக்காத இடத்தில் ஸ்டென்ட்டுக்கு வேலை இல்லை. 37 நாடுகளில் 5,179 பேரை வைத்து நடந்து 2020-ல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் ரத்த ஓட்டம் கணிசமாகக் குறைந்திருந்தவர்கள். உடனே ஸ்டென்ட், பைபாஸ் என்று போனவர்களுக்கு, மருந்தோடு ஆரம்பித்தவர்களைவிட மாரடைப்போ மரணமோ குறைந்ததாகத் தெரியவில்லை. நெஞ்சுவலி குறைய உதவியது. இதெல்லாம் நிலையாக இருக்கும் நோய்க்கு. மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஸ்டென்ட் உயிர் காக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அப்படியென்றால் என்னதான் உதவுகிறது? ஸ்காட்லாந்தில் நெஞ்சுவலி என்று வந்த 4,146 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு வழக்கமான பரிசோதனை, மறு பகுதிக்கு அதோடு சி.டி. ஆஞ்சியோவும். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால், இதய நோயால் இறந்தவர்களும் மாரடைப்பு வந்தவர்களும் முதல் பகுதியில் 3.9 சதவீதம், சி.டி. எடுத்த பகுதியில் 2.3 சதவீதம். பத்து வருடத்திலும் வித்தியாசம் நின்றது: 8.2, 6.6. ஸ்கேன் யாரையும் குணப்படுத்தாது. ஸ்டென்ட், பைபாஸ் எண்ணிக்கையும் ஐந்து வருட முடிவில் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுதான். வித்தியாசம், சுவரில் படிவைப் பார்த்தவர்களுக்கு மாத்திரை ஆரம்பித்ததில் வந்தது என்பதுதான் ஆய்வாளர்கள் சொல்லும் காரணம். நீங்கள் ஆறாவது மாதத்தில் நிறுத்துகிறீர்களே, அதே ஸ்டாட்டின் வகை மாத்திரை.

1973-ல் ஜப்பானில் அகிரா எண்டோ என்பவர் ஒரு பூஞ்சையிலிருந்து கண்டுபிடித்ததில் தொடங்கியது அதன் கதை. அது கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைக்கிறது, படிவின் மேல்தோலைத் தடிக்கச் செய்கிறது, கொழகொழப்பான படிவைக் கெட்டிப்படுத்துகிறது. கெட்டிப்படும்போது சுண்ணாம்பு சேரும். அதனால் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்குக் கால்சியம் ஸ்கோர் ஏறுவது உண்டு. இதைத் தெரியாமல் வருடா வருடம் பேக்கேஜில் அந்த ஸ்கேனை எடுத்துவிட்டு “மாத்திரையால் கூடிவிட்டது” என்று நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

உடம்பு வலி என்று நிறுத்துகிறவர்கள் இன்னும் அதிகம். பக்க விளைவு தாங்காமல் ஸ்டாட்டினை விட்டுவிட்ட 60 பேரை வைத்து இங்கிலாந்தில் ஒரு சோதனை செய்தார்கள். சில மாதம் மருந்து, சில மாதம் அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை, சில மாதம் எதுவும் இல்லை. மருந்தில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்தது. முடிவைக் காட்டியதும் பாதிப் பேர் மறுபடி சாப்பிட ஆரம்பித்தார்கள். வலி பொய் என்று சொல்லவில்லை. நிஜமாகவே தசை பாதிக்கப்படுகிறவர்கள் உண்டு. டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், வேறு மருந்து தருவார். ஆஸ்பிரின் விஷயம் வேறு. அதில் ரத்தக்கசிவு அபாயம் இருப்பதால், பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்று நாமாக ஆரம்பிக்கக் கூடாது.

லேப் ரிப்போர்ட்டில் எல்.டி.எல். எதிரே ‘நார்மல்’ என்று ஒரு எண் அச்சடித்திருக்கும். அது பொதுவானவர்களுக்கு. படிவு உள்ளவருக்கு இலக்கு அதைவிடக் குறைவாக இருக்கும். “என் இலக்கு எத்தனை?” என்று டாக்டரிடம் கேட்டு ஃபைலின் மேலேயே எழுதி வையுங்கள்.

பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஆஞ்சியோகிராம் நன்றாக இருந்தும் படியேறும்போது நெஞ்சு இறுக்குகிறது என்றால், “மனப்பிரமை” என்று வீட்டார் சொல்லக் கேட்டு விட்டுவிடாதீர்கள். படத்தில் தெரியாத நுண்ணிய குழாய்களிலும் கோளாறு வரும். அதற்கும் மருத்துவம் உண்டு. மறுபடி போய்க் கேளுங்கள்.

நடைக்கு நமக்கு என்ன குறை? கோயிலின் வெளி மதிலைச் சுற்றினால் 4 கிலோமீட்டருக்குச் சற்று மேல். வாரத்தில் ஐந்து நாள் அரை மணி வேகமாக நடந்தால் போதும். வழியில் நின்று அரசியல் பேசுகிற நேரம் கணக்கில் வராது. வெற்றிலையோடு போடும் புகையிலையும் புகையிலைதான். அப்பளம், ஊறுகாய், அக்காரவடிசல் பற்றி எல்லாம் உங்களுக்கே தெரியும், நான் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ள விரும்பவில்லை.

கடைசியாக, ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு அழுத்தி, வியர்த்து, தாடையோ கையோ வலித்தால், “வாயு” என்று இஞ்சிச் சாறு குடித்துவிட்டு விடியக் காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். காவிரிப் பாலம் தாண்டிப் போவதற்கு முன் முதல் மாத்திரைகள் உள்ளே போவது நல்லது. அதற்காகத்தான் தமிழக அரசு 2023-ல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில்கூட அவற்றை வைத்திருக்கிறது. எந்த மருத்துவமனையில் இரவிலும் ஆஞ்சியோ செய்கிறார்கள் என்று இப்போதே விசாரித்து, அந்த எண்ணை ஃபைலோடு வையுங்கள். ஃபைல் பீரோவில் வேண்டாம், வாசல் அலமாரியில் இருக்கட்டும்.

சங்கத்துக்கும் ஒரு கோரிக்கை. பி பிளாக் சாய்தளத்தில் இரண்டு சக்கர வாகனங்களை நிறுத்துகிறார்கள். ஸ்ட்ரெச்சர் வண்டி அதில் திரும்பாது, நான் அளந்து பார்த்துவிட்டேன். செயலாளர் இந்த வாரமே அதைக் காலி செய்து கொடுக்க வேண்டும். இரவுக் காவலாளியிடம் லிஃப்ட் அறைச் சாவி ஒன்றும் இருக்க வேண்டும்.