ஓடிச் சேர்த்த பணம்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை)



"மராத்தான் ஓடின அனுபவத்தைப் பத்து நிமிஷம் பேசுங்க சார்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் லேத் மெஷினுக்கு முன்னால் நின்ற கால் இது. ஐம்பத்தாறு வயசில்தான் ஓடவே ஆரம்பித்தேன். சென்னையில் 2023 ஆகஸ்ட் 6-ஆம் தேதி நடந்த கலைஞர் நூற்றாண்டு மராத்தானில் அரை மராத்தான், அதாவது 21.1 கிலோமீட்டர், ஓடி முடித்தேன். எத்தனை மணி நேரம் ஆச்சு என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள்!

பயிற்சியெல்லாம் நம்ம பக்கத்து ரோட்டில்தான். வாரத்தில் நாலு நாள் விடிவதற்கு முன்னால் எஸ்டேட் ரோடு, ஞாயிற்றுக்கிழமை ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரை. நாய்த் தொல்லை, லாரித் தொல்லை இரண்டும் உண்டு. சென்னைப் புழுக்கத்தில் வியர்வையோடு உப்பும் போய்விடும். வெறும் தண்ணீர் குடித்தால் போதாது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் கொடுக்கிற ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைத்தான் நானும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து எடுத்துப் போவேன். சர்க்கரையும் உப்பும் சேர்ந்து போனால்தான் குடல் தண்ணீரை வேகமாக உறிஞ்சும். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா வந்தபோது டாக்டர் திலீப் மஹலனாபிஸ் ஆயிரக்கணக்கானவர்களை இப்படித்தான் பிழைக்க வைத்தார்.

அது கிடக்கட்டும். அந்த ஓட்டத்தில் சேர்ந்த பணம் எங்கே போச்சு என்பதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

அன்றைக்குப் பதிவு செய்தவர்கள் 73,206 பேர். கின்னஸ் சாதனை என்று பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. பதிவுக் கட்டணமாக வந்தது சுமார் 3.42 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 470 ரூபாய் கூட வராது. இரண்டு பேர் ஓட்டலில் பிரியாணி சாப்பிடுகிற காசு. அந்தப் பணம் எழும்பூர் அரசு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கப்பட்டது. ஸ்கேன் மெஷினோ, ஆம்புலன்ஸோ வாங்குவதற்கு இல்லை. குழந்தையோடு வருகிற தாய் தகப்பன் தங்குவதற்கு ஒரு கட்டடம் கட்ட!

"இதுக்குப் போயா?" என்று என் கூட ஓடின நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

என் ஷாப்பில் திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன் ஒருவன் வேலை பார்த்தான். அவன் குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய். ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தான், பெயர் வேண்டாம். வார்டுக்குள் ஒருவருக்குத்தான் இடம், அது அம்மாவுக்கு. இவன் ராத்திரி பஸ் ஸ்டாப்பில் பேப்பர் விரித்துப் படுத்துவிட்டு, காலை ஷிப்டுக்கு அப்படியே வருவான். மருந்துக்குக் காசு இல்லை, எல்லாம் இலவசம். ஆனால் சாப்பாடு, பஸ், போன சம்பளம்? நாலாம் மாசம் என்னிடம் வந்து, "சார், ஊருக்கே போயிடறோம், சாமி விட்ட வழி" என்றான். குழந்தைக்கு மருந்து கேட்கிறது, உடம்பு தேறி வருகிறது. இருந்தும் போகிறேன் என்கிறான்! இந்த வியாதிக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்தியம் பார்க்க வேண்டும். நடுவில் விட்டால் திரும்பி வந்துவிடும். ஷாப்பில் ஆறு பேர் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு ரூம் பிடித்து, மாசா மாசம் வாடகை கட்டினோம். அவ்வளவுதான் நாங்கள் செய்தது. அந்தப் பெண் இப்போது ஆறாம் வகுப்பு படிக்கிறாள்.

இது நான் கண்ட ஒரு குடும்பம். நாடு முழுக்க இதே கதைதான். தங்க இடம் இல்லாமல் பாதியில் வைத்தியத்தை விட்டுப் போகிறவர்களைப் பார்த்துத்தான் 2006-ல் மும்பையில் செயின்ட் ஜூட் இல்லங்களைத் தொடங்கினார்கள். பிறகு சென்னைக்கும் வந்தன. படுக்க ஒரு இடமும், சமைக்க ஒரு அடுப்பும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான் என்பது என் முடிவு. டாக்டர் நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இப்போது நம்ம விஷயத்துக்கு வருகிறேன். ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை நம்ம சங்கமே ஒரு மராத்தான் நடத்தலாம் என்று கமிட்டியில் ஒரு பேச்சு இருக்கிறது. நான் அதற்கு எதிர்க் கட்சி. போலீஸ் அனுமதி, ஆம்புலன்ஸ், வழி நெடுகத் தண்ணீர், டீ-ஷர்ட், மெடல், மேடை, மைக் செட். முந்நூறு பேரை வைத்து நடத்தினால் வசூலை இதுவே தின்றுவிடும். எழுபதாயிரம் பேர் வந்தால் கணக்கு வேறு. நமக்கு ஏது எழுபதாயிரம்?

அதற்குப் பதில், யாரோ நடத்துகிற ஓட்டத்தில் நாம் இருபது பேர் ஓடுவோம். காசை நாமே கேட்டு வாங்குவோம். லண்டன் மராத்தானில் ஓடுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இப்படித்தான் செய்கிறார்கள்: "நான் ஓடறேன், நீ என்ன தருவே?" என்று சொந்தக்காரரிடமும் ஆபீசிலும் கேட்கிறார்கள்.

டெர்ரி ஃபாக்ஸ் என்று கனடாவில் ஒரு பையன். பதினெட்டு வயசில் புற்றுநோயால் ஒரு கால் போயிற்று. வார்டில் தன்னோடு இருந்த சின்னக் குழந்தைகள் பட்ட பாட்டை அவனால் மறக்க முடியவில்லை. 1980-ல் செயற்கைக் காலோடு 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடினான். அவன் கேட்டது கனடாவில் ஆளுக்கு ஒரு டாலர். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் பாதி வழியில் நின்றுவிட்டான். ஆனால் 1981 பிப்ரவரிக்குள் கேட்ட பணம் வந்துவிட்டது. அந்த ஜூனில் இறந்துபோனான், இருபத்திரண்டு வயசு. அவன் பெயரில் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும் ஓட்டம் நடந்திருக்கிறது.

கேட்பதற்குத்தான் கூச்சம். எனக்கும் இருந்தது. மாமனாரிடமே முதலில் கேட்டேன். கிலோமீட்டருக்கு நூறு ரூபாய் தருகிறேன், ஆனால் நடுவில் ஆட்டோவில் ஏறக் கூடாது என்றார். இரண்டாயிரத்து நூறு கொடுத்தார், அந்த நூறு மீட்டருக்குப் பத்து ரூபாயைச் சில்லறை இல்லை என்று விட்டுவிட்டார்!

டீ கொடுக்கிற மேஜையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். ஓடுகிறவர்கள் இடது பக்கத்தில் பெயர் எழுதுங்கள். முட்டி வலி உள்ள என் வகுப்பு நண்பர்கள் வலது பக்கத்தில், யாருக்கு, கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். பணம் நேராக ஆஸ்பத்திரிக்கே போகும், ரசீது அடுத்த மலரில் வரும். மாணவர்கள் பணம் தர வேண்டாம், ஓடினால் போதும். வருகிற ஞாயிறு காலை ஐந்தரைக்குப் பருத்திப்பட்டு ஏரிப் பூங்கா வாசலில் இருப்பேன். பழைய ஷூ போதும்.