துணுக்குக்கும் சாட்சி வேண்டும்



எந்தப் பெரியவரின் நினைவாக இன்று ஹைதராபாத்தின் சனத்நகரில் கூடியிருக்கிறோமோ, அவருக்குக் குழந்தைகளிடம் கேள்வி கேட்பது பிடிக்கும். நவராத்திரிக்குச் சுண்டல் வாங்க வரும் பிள்ளைகளைக் கொலுப்படியின் முன் நிறுத்தி, இந்தப் பொம்மை யார், கையில் என்ன, ஏன் என்று கேட்பாராம். சரியான பதில் வந்தாலும் விடமாட்டார். "உனக்கு யார் சொன்னது?" என்று அடுத்த கேள்வி வரும். இந்த அறக்கட்டளையை நிறுவிய அவர் குடும்பத்தார் இதைச் சொன்னபோதே என் பேச்சின் பொருள் முடிவாகிவிட்டது. பண்பாடு, வரலாறு, புராணம், சினிமா பற்றிய துணுக்குச் செய்திகளை நாம் எப்படித் தெரிந்துகொள்கிறோம், எப்படிச் சரிபார்க்கிறோம் என்பதைப் பேச வந்திருக்கிறேன்.

கேள்வி பதிலாக அறிவைக் கொடுப்பது நமக்குப் பழைய வழக்கம். மகாபாரதத்தின் வனபர்வத்தில் யக்ஷன் கேட்கிறான், தருமன் பதில் சொல்கிறான். தம்பிகளின் உயிர் அந்தப் பதில்களில் தொங்குகிறது. முருகன் ஔவையிடம் கொடியது எது, இனியது எது, பெரியது எது, அரியது எது என்று கேட்ட கதையைத் தமிழ்நாட்டில் கேளாதவர் குறைவு. 1965-இல் வந்த திருவிளையாடலில் தருமி கேட்க இறைவன் பதில் சொல்லும் காட்சியை இன்றும் நாம் மனப்பாடமாகச் சொல்கிறோம். தருமியாக நாகேஷ், சிவனாக சிவாஜி கணேசன் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் படத்தில் நக்கீரராக வந்தவர் இயக்குநர் ஏ.பி. நாகராஜனே என்று சொன்னால் பாதிப் பேர் வியப்பார்கள். சிவன் தருமிக்கு எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்படும் பாட்டு குறுந்தொகையின் 2-ஆம் பாட்டு. அங்கே புலவர் பெயர் இறையனார். படத்தில் தொடங்கிய ஒரு துணுக்கு சங்க நூலின் வாசலில் கொண்டுபோய் விடுகிறது. நல்ல துணுக்கின் வேலை இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

துணுக்கை அற்பம் என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கல்லூரி வாசலை மிதிக்காத பல தமிழர்கள் தமிழ்வாணன் நடத்திய கல்கண்டு இதழைப் படித்தே உலகத்தைத் தெரிந்துகொண்டார்கள். ஆங்கிலம் படித்த நகரங்களில் இதே ஆர்வம் வினாடி வினாவாக வளர்ந்தது. 1967-இல் கல்கத்தாவில் ஒரு தேவாலய மண்டபத்தில் நீல் ஓப்ரையன் பொதுமக்களுக்கான போட்டியை நடத்தினார். நம் ஹைதராபாத்தில் 1972-இல் 'கே சர்க்கிள்' தொடங்கியது. இந்தியாவின் மிகப் பழைய வினாடி வினா மன்றங்களில் அது ஒன்று. அதே 1972-இல் போர்ன்விட்டா போட்டி வானொலிக்கு வந்தது. 1985-இல் சித்தார்த்த பாசு தூர்தர்ஷனில் வினாடி வினா நடத்தியதும், 2000 ஜூலையில் அமிதாப் பச்சன் கோடி ரூபாய்ப் பரிசோடு தொலைக்காட்சிக்கு வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். கோடி வந்தபின் பதில் நான்கு விருப்பங்களுக்குள் அடங்கிவிட்டது. எப்படித் தெரியும் என்று கேட்க அந்த மேடையில் நேரமில்லை. இப்போது வாட்ஸ்அப்பில் நான்கு விருப்பங்கள்கூட இல்லை; பதில் மட்டும் வந்து விழுகிறது.

சாட்சி கேட்பதால் என்ன ஆகும்? தமிழ், தெலுங்கு என்ற நம் இரு மொழிகளுக்கும் பொதுவான ஒரு வழக்கையே எடுத்துக்கொள்வோம்.

தென்னிந்தியாவின் முதல் பேசும்படம் எது? தெலுங்கு நண்பர்கள் நெடுங்காலம் 'பக்த பிரஹ்லாதா' என்றார்கள். அது 1931 செப்டம்பர் 15-இல் வெளிவந்தது என்று புத்தகத்துக்குப் புத்தகம் எழுதப்பட்டது. தமிழ்நாட்டில் 'காளிதாஸ்' என்றார்கள். அது வெளியானது 1931 அக்டோபர் 31. தேதிகளை வைத்துப் பார்த்தால் தெலுங்குப் படம் ஆறு வாரம் முந்திக்கொள்கிறது. இரண்டையும் இயக்கியவர் எச்.எம். ரெட்டி. இரண்டுமே அர்தேஷிர் இரானியின் பம்பாய்ப் பட்டறையில் உருவானவை. இந்தியாவின் முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா' 1931 மார்ச் 14-இல் வந்ததும் அதே இடத்திலிருந்துதான்.

பின்னர் ரெண்டால ஜயதேவா என்ற தெலுங்குப் பத்திரிகையாளர் பழைய ஆவணங்களைத் தேடிப் போனார். பிரஹ்லாதாவின் தணிக்கைச் சான்று 1932 ஜனவரி 22-ஆம் நாளிட்டது என்று கண்டார். தணிக்கை ஆகாத படம் நான்கு மாதம் முன்பே திரைக்கு வந்திருக்க முடியாது அல்லவா? பம்பாய் கிருஷ்ணா தியேட்டரில் 1932 பிப்ரவரி 6-இல்தான் படம் வெளியானது என்று நிறுவினார். தம் மொழிக்கு இருந்த முதலிடம் போய்விடும் என்று தெரிந்தும் ஒரு தெலுங்கர் இந்த வேலையைச் செய்தார். பெரிய மனத்தோடு செய்த காரியம் அது. இன்று தெலுங்குத் திரையுலகினர் பிப்ரவரி 6-ஐத் தங்கள் சினிமாவின் பிறந்த நாள் என்கிறார்கள்.

இதைக் கேட்டுத் தமிழர்கள் கை தட்டுவதற்கு முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். காளிதாஸில் நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார். மற்றவர்கள் தெலுங்கிலும் இந்தியிலும் பேசினார்கள். படத்தின் பிரதி இன்று இல்லை. அந்தக் காலத்துப் பத்திரிகைக் குறிப்புகளையும் விளம்பரங்களையும் கொண்டே அதைப் பற்றி எதையும் சொல்ல முடிகிறது. முதல் தமிழ்ப் பேசும்படம் என்று நாம் கொண்டாடுவதில் தெலுங்கும் கலந்திருக்கிறது. சனத்நகர் போன்ற ஊரில், காலையில் தமிழும் கடையில் தெலுங்கும் பேசி வாழும் நமக்கு இது மகிழ்ச்சியாகவே இருக்க வேண்டும்.

ஆலம் ஆரா, காளிதாஸ், பக்த பிரஹ்லாதா ஆகிய மூன்றிலும் சிறு வேடங்களில் நடித்தவர் ஒருவர் உண்டு. மூன்று மொழிகளின் முதல் பேசும்படங்களிலும் தலைகாட்டிய அவர் பிறகு தமிழில் 'மனோகரா'வையும் 'மிஸ்ஸியம்மா'வையும் இயக்கினார். 1982-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருதும் பெற்றார். கண்ணில் புரை என்றால் பஞ்சாரா ஹில்ஸில் நாம் தேடிப் போகும் மருத்துவமனைக்கு அவர் பெயர்தான். எல்.வி. பிரசாத். 1987-இல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு நிலமும் நிதியும் கொடுத்த குடும்பம் அவருடையது. அங்கே சீட்டு வாங்கிக் காத்திருக்கும்போது பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் இந்தக் கதையைச் சொல்லலாம்.

புராணத்துக்கு வருவோம். இங்கே சாட்சி கேட்பது இன்னும் சுவையானது.

சீதையைக் காக்க இலட்சுமணன் கோடு கிழித்தானா? கிழித்தான் என்று எல்லோரும் சொல்வோம். ஒருவர் வரம்பு மீறினால் அந்தக் கோட்டைத்தான் நினைவூட்டுவோம். வால்மீகியின் ஆரணிய காண்டத்தில் கோடு இல்லை. கம்பனிலும் இல்லை. துளசிதாசர் ஆரணிய காண்டத்தில் அதைச் சொல்லாமல், பின்னால் இலங்கையில் மண்டோதரி வாயில் ஒரு குறிப்பாக வைக்கிறார். தெலுங்கின் ரங்கநாத ராமாயணத்தில் கோடு வருகிறது. அந்தக் கட்டத்தில் கம்பன் செய்தது முற்றிலும் வேறு. வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பனுக்கு அது பொறுக்கவில்லை. பர்ணசாலையோடு நிலத்தையே பெயர்த்து எடுக்கவைக்கிறான். சீதையை எப்படிக் காப்பது என்ற கவலைதான் ஒரு கவிஞனைக் கோடு போட வைத்தது, இன்னொரு கவிஞனை மண்ணைத் தோண்ட வைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. கோடு உண்டா இல்லையா என்ற ஒற்றை வரிக் கேள்விக்கு உண்டு, இல்லை என்று பதில் சொல்பவர் இதையெல்லாம் இழந்துவிடுகிறார். எந்த ராமாயணத்தில் என்று திருப்பிக் கேட்டவருக்கே இது கிடைக்கும்.

அணிலும் அப்படித்தான். வால்மீகியில் அணில் இல்லை. ரங்கநாத ராமாயணத்தில் இருக்கிறது. அதற்கும் கம்பனுக்கும் முன்பே நம் தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் அணிலைப் பாடிவிட்டார்: தண்ணீரில் குளித்து, மணலில் புரண்டு, கடலை அடைக்கப் போன அணில். இராமன் அதன் முதுகில் மூன்று விரலால் தடவிய செய்தி அந்தப் பாசுரத்தில் இல்லை. தமிழில் ஆழ்வாரும் தெலுங்கில் ரங்கநாத ராமாயணமும் ஒரே அணிலைக் கொண்டாடுவதை, இரண்டு மொழியும் தெரிந்த உங்களைவிட யார் நன்றாக ரசிக்க முடியும்? இரணியன் கதை இன்னொன்று. வால்மீகியில் இல்லாத இரணிய வதைப் படலத்தைக் கம்பன் வீடணன் வாயிலாக இராவணனுக்குச் சொல்லவைத்தான். தெலுங்கின் முதல் பேசும்படத்துக்கும் அதே பிரகலாதன் கதை வாய்த்தது.

அந்தப் படத்தில் நடித்தவர்கள் சுரபி நாடகக் குழுவைச் சேர்ந்தவர்கள். 1885-இல் கடப்பைப் பகுதியில் தொடங்கிய குடும்ப நாடகக் குழு அது. பரத் நகரில் எம்எம்டிஎஸ் ரயில் ஏறி லிங்கம்பள்ளியில் இறங்கினால், சுரபி காலனியில் அந்த மரபின் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. அவர்கள் மேடையில் கம்பி கட்டிப் பறந்து நடிக்கும் 'மாயாபஜார்' புகழ்பெற்றது. 1957-இல் கே.வி. ரெட்டி அதே கதையைத் தெலுங்கிலும் தமிழிலும் படமாக எடுத்தார். அபிமன்யுவாகத் தெலுங்கில் நாகேஸ்வர ராவ், தமிழில் ஜெமினி கணேசன். கிருஷ்ணனாக ராமாராவும் கடோத்கஜனாக ரங்கா ராவும் இரண்டு மொழியிலும் நடித்தார்கள். பாரதக் கதைப் படம் ஒன்றில் பாண்டவர் ஐவரும் ஒரு காட்சியில்கூட வரவில்லை. பலர் பலமுறை பார்த்தும் அதைக் கவனிப்பதில்லை. பலராமன் மகளை அபிமன்யு மணக்கும் இந்தக் கதை வியாச பாரதத்திலும் இல்லை. வியாசர் சொல்வது உத்தரையோடு நடந்த திருமணம். நாட்டார் நாவிலும் நாடக மேடையிலும் வளர்ந்த கதை இது. அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடாது; எங்கே பிறந்தது என்று தெரிந்தால் பாட்டிமார்களுக்கும் கூத்துக் கலைஞர்களுக்கும் உரிய பெருமை அவர்களுக்குப் போய்ச் சேரும்.

வரலாற்றில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். 1646 வாக்கில் மீர் ஜும்லாவின் தலைமையில் கோல்கொண்டாப் படை சாந்தோம் வரை வந்தது. அதன்பின் சென்னைப்பட்டினத்து ஆங்கிலேயர்கள் கோல்கொண்டாவுக்கு வாடகை கட்டினார்கள். 1672-இல் அது ஆண்டுக்கு 1,200 வராகன் என்று முடிவானது. 1687-இல் ஔரங்கசீப் கோல்கொண்டாவைப் பிடிக்கும்வரை இந்த ஏற்பாடு நீடித்தது. இந்த ஊரில் ஆட்சி செய்தவர்களுக்கு அந்த ஊர் வாடகை கட்டிய செய்தியை ஹைதராபாத்தில் வாழும் தமிழர்களில் எத்தனை பேர் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்? பாகமதியின் காதலைச் சொல்லுகிறோம். 1591-இல் சார்மினார் கட்டிய குலி குதுப் ஷாவின் காதலி என்று பெயர் பெற்ற அந்தப் பாகமதி கற்பனைப் பாத்திரம் என்று எச்.கே. ஷெர்வானி போன்ற வரலாற்றாசிரியர்கள் வாதிட்டார்கள். வாடகைக்குப் பதிவேடு சாட்சி. காதலுக்கு மக்கள் நினைவு சாட்சி. இரண்டையும் சொல்லுங்கள், எது எந்த வகைச் சாட்சி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

முடிக்குமுன் ஒரு வேண்டுகோள். பிரஹ்லாதாவின் தேதியைத் திருத்தியது பழைய தாள். காளிதாஸைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் பழைய தாள்களால் தெரிந்தது. சனத்நகரில் ஆல்வின் தொழிற்சாலைக் காலத்திலிருந்து வாழும் குடும்பங்கள் இங்கே இருக்கிறீர்கள். ஊரிலிருந்து வந்தபோது டிரங்குப் பெட்டியில் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை, பைண்டு செய்த தொடர்கதை ஏதாவது கொண்டுவந்திருப்பீர்கள். பரணைச் சுத்தம் செய்யும்போது அவற்றைப் பழைய பேப்பர்க்காரருக்கு எடைக்குப் போடாதீர்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் இப்படிப்பட்ட தாள்களைத்தான் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். அவை இன்று சென்னையில் அவர் பெயரிலுள்ள ஆராய்ச்சி நூலகமாகி, ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. உங்கள் வீட்டில் இருப்பதை முதலில் பட்டியல் போடுங்கள். பிறகு அந்த நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். அவர்களிடம் இல்லாத ஒரு பாட்டுப் புத்தகம் சனத்நகரிலிருந்து போகட்டும்.