நாயின் பல் நலம்



பிறந்த ஊரை விட்டுத் தொலைவில் வாழ்வோர்க்கு, வளர்க்கும் நாயும் உறவினருள் ஒன்றாகி விடுகிறது. டில்லி இராமகிருஷ்ணபுரத்து அரசாங்கக் குடியிருப்பில் எங்களோடு வாழும் மணி அத்தகையது. தமிழில் அழைத்தாலன்றித் திரும்பிப் பாராது. அதற்கு வேளை தவறாமல் சோறிட்டோம், தடுப்பூசி போடுவித்தோம். ஆனால், ஒரு நாளேனும் அதன் வாயைத் திறந்து பார்த்தோமில்லை.

ஒரு கோடையில் அதன் வலக்கண்ணின் கீழே வீக்கம் கண்டது. குளவி கொட்டியிருக்கும் என்று எண்ணி வாளாவிருந்தோம். மூன்றாம் நாள் அது சோற்றை மறுத்தது. கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து காட்டிய பின்னரே உண்மை விளங்கிற்று. மேல்தாடையின் பெரிய கடைவாய்ப் பல் பிளந்து, வேரில் சீழ் கட்டியிருந்தது. நாங்கள் அன்போடு இட்ட எலும்பே அதைப் பிளந்தது! பல்லைப் பிடுங்க நேர்ந்தது. வாயில்லாப் பிராணி என்கிறோம்; வாய் இருக்கிறது, நோவைச் சொல்லத்தான் வழியில்லை.

நாய்க்குட்டிக்குப் பாற்பற்கள் 28. ஆறேழு மாதங்களில் அவை விழுந்து 42 நிலைப்பற்கள் முளைக்கின்றன. உண்டபின் பற்களின்மீது கிருமிகள் நிறைந்த மெல்லிய படலம் படிகிறது. துடைக்காமல் விட்டால், சில நாட்களிலேயே எச்சிலிலுள்ள தாதுப்பொருள்களால் அது இறுகிக் காறையாகிறது. காறையைத் தூரிகையால் போக்க இயலாது. மருத்துவர்தாம் மயக்க மருந்து கொடுத்து அகற்ற வேண்டும். அதனையும் விட்டுவிட்டால் ஈறு வீங்கி, பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து, பல் ஆட்டங் காணும்.

ஆகவே நாள்தோறும் துலக்குதலே நன்று. முதலில் சில நாட்கள் உதட்டை உயர்த்தி, விரலால் ஈற்றைத் தடவிப் பழக்குங்கள். பின்னர் விரலில் ஈரத்துணி சுற்றித் துடையுங்கள். அது இசைந்தபின் மென்மையான தூரிகையைக் கையாளலாம். பற்களின் வெளிப்புறத்தை, சிறப்பாக மேல் கடைவாயை, ஈற்றோரமாகத் தேய்த்தால் போதும். நாய் மிரண்டால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், வலுக்கட்டாயம் கூடாது.

நாம் பயன்படுத்தும் பற்பசை நாய்க்கு ஆகாது. அது துப்ப அறியாமல் விழுங்கிவிடும். சில பசைகளில் சேரும் சைலிட்டால் என்னும் இனிப்புப் பொருள் நாய்க்குக் கொடிய நஞ்சு. உப்பும் வேண்டா. நாய்க்கென்றே செய்த பசை கிடைக்கும். கிடையாவிடில் வெறும் நீரே போதும். எலும்பைத் தவிர்த்து விடுங்கள்.

வாய் நாற்றம், ஈற்றில் குருதி, ஒரு புறமாகவே மெல்லுதல், முகவீக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்கலாகாது.

இப்போது இரவு உணவு முடிந்ததும் மணி தானே வந்து எங்கள்முன் அமர்கிறது. இரண்டே நிமிட வேலை. அதனை முன்பே செய்யாமற் போனோமே என்னும் வருத்தம் எங்களுக்கு உண்டு. அது உங்களுக்கு நேர வேண்டா.