நடுக்கடலில் ஒரு விழா

பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலங்களில் குடியேறி வாழும் நமக்கு ஒன்றுகூடுதல் என்பது வெறும் பொழுதுபோக்கு அன்று. பொங்கலும் சங்கத்தின் ஆண்டு விழாவும், கலியாணமும் அறுபதாம் ஆண்டு நிறைவும், நாம் யார் என்பதை நம் குழந்தைகளுக்கு நினைவூட்டும் தருணங்களாகும். முன்னாட்களில் இவற்றுக்குச் சங்கக் கட்டடமோ, பள்ளிக்கூட மண்டபமோ, கோயில் முற்றமோ போதுமானதாயிருந்தது. அண்மைக் காலத்தில் வேறொரு வழக்கமும் தோன்றியிருக்கிறது. மும்பையிலிருந்து கோவாவுக்கும் கொச்சிக்கும் லட்சத்தீவுக்கும் உல்லாசக் கப்பல்கள் சென்று வருகின்றன. 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி மும்பைத் துறைமுகத்தில் மத்திய அரசு தொடங்கிய ‘குரூஸ் பாரத்’ இயக்கம் இத்தகைய பிரயாணங்களைப் பெருக்குவதையே நோக்கமாகக் கொண்டது. உணவும் உறைவிடமும் அரங்கமும் ஒரே இடத்தில் அமைவதால், குடும்பங்களும் சங்கங்களும் கூட்டமாகக் கப்பலேறி விழா நடத்த விரும்புவதில் வியப்பில்லை.

அவ்விருப்பத்தைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. இன்றைய பெருங்கப்பல்கள் மிகுந்த கவனத்துடன் கட்டப்படுகின்றன. ஆயினும், மண்டபத்திற்கும் கப்பலுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. மண்டபத்தில் தீப்பிடித்தால் வாசல் வழியாகத் தெருவுக்கு ஓடலாம். கப்பலுக்குத் தெரு இல்லை. ஆபத்து நேர்ந்தால், எங்கே போக வேண்டுமென்று முன்கூட்டியே குறிக்கப்பட்ட இடத்திற்கு, குறிக்கப்பட்ட முறையில் போவது ஒன்றே வழி. ஆகவே, நூறு பேரையோ இருநூறு பேரையோ அழைத்துச் செல்பவரின் பொறுப்பு, மண்டபத்தில் விருந்து வைப்பவரின் பொறுப்பினும் பன்மடங்கு பெரியது.

அரசாங்க ஏடுகளைத் தமிழில் பெயர்த்தெழுதும் தொழிலில் இருக்கும் எங்களுக்கு ஒரு சங்கடம் அடிக்கடி நேர்வதுண்டு. ஆங்கிலத்தில் சேஃப்டி என்றும் செக்யூரிட்டி என்றும் இரு சொற்கள் அடுத்தடுத்து வரும். தமிழில் இரண்டிற்கும் ‘பாதுகாப்பு’ என்றே எழுதிவிடுகிறோம். கப்பலைப் பொறுத்தவரை இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது நல்லது. தீ, புயல், பாறை, நோய் ஆகியவற்றிலிருந்து உயிரைக் காப்பது ஒன்று. அதைக் காப்பு என்போம். தீய எண்ணமுடைய மனிதரிடமிருந்து காப்பது மற்றொன்று. அதைக் காவல் என்போம்.

முதலில் காப்பைப் பற்றிக் கூறுவோம். 2012ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் தேதி இரவு, இத்தாலி நாட்டின் ஜீலியோ தீவருகே கோஸ்டா கன்கார்டியா என்ற உல்லாசக் கப்பல் பாறையில் மோதியது. கப்பலில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். இரவு உணவு வேளை. மோதியது ஏறத்தாழ 9 மணி 45 நிமிடத்திற்கு. கப்பலை விட்டு வெளியேறுமாறு கட்டளை பிறந்ததோ 11 மணியை நெருங்கும்போது. இடையே கழிந்த ஒரு மணி நேரத்திற்கும் மேலான காலத்தில், மின்சாரக் கோளாறுதான் என்று பிரயாணிகளுக்கு அறிவிக்கப்பட்டது. கப்பலோ சாய்ந்துகொண்டே இருந்தது. அன்று மாலை சிவிட்டவெக்கியா துறைமுகத்தில் ஏறிய பல நூறு பேருக்கு, ஆபத்துக் காலத்தில் எங்கே கூடுவது என்ற பயிற்சி அதுவரை நடக்கவில்லை. மறுநாள் நடத்தலாமென்று இருந்தனர். அந்த விபத்தில் 32 பேர் மாண்டனர். கப்பல் தலைவருக்கு 2015ஆம் ஆண்டில் 16 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

மறுநாள் பயிற்சி என்பது அன்றைய விதிக்கு முரணானதன்று. பிரயாணிகள் ஏறிய 24 மணி நேரத்திற்குள் பயிற்சி நடத்தினால் போதும் என்றே விதி இருந்தது. டைட்டானிக் கப்பல் 1912ஆம் ஆண்டில் மூழ்கியதன் பயனாக, 1914ஆம் ஆண்டில் தோன்றிப் பின்னர் பலமுறை திருத்தப்பட்டு வரும் கடல் உயிர்க்காப்பு உடன்படிக்கையில், ஜீலியோ விபத்துக்குப் பிறகு மேலும் ஒரு திருத்தம் செய்யப்பட்டது. 2015 ஜனவரி 1 முதல், 24 மணி நேரத்திற்கு மேல் தங்கப்போகும் பிரயாணிகளுக்குக் கப்பல் புறப்படுமுன்னரோ, புறப்பட்ட உடனேயோ இப்பயிற்சி நடந்தாக வேண்டும். சில கப்பல்களில் கைபேசியில் விளக்கப் படத்தைப் பார்த்துவிட்டு, அவரவரே கூடுமிடத்திற்குச் சென்று பதிவு செய்துகொள்ளும் முறையும் வந்துள்ளது.

அதே உடன்படிக்கை, வெளிநாட்டுப் பிரயாணம் செய்யும் பெரிய பிரயாணிக் கப்பல்களில் உயிர்காப்புப் படகுகளும் தெப்பங்களுமாகச் சேர்ந்து, 100 பேருக்கு 125 இடம் என்ற கணக்கில் இருக்க வேண்டுமென்று கூறுகிறது. வெளியேறும் அறிகுறி கொடுத்த 30 நிமிடங்களுக்குள் அவையனைத்தும் ஆட்களுடன் கடலில் இறக்கப்படக் கூடியனவாயிருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. ஆனால், இந்த 30 நிமிடக் கணக்கு எப்போது தொடங்குகிறது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். எல்லாப் பிரயாணிகளும் லைஃப் ஜாக்கெட் அணிந்து கூடுமிடத்தில் சேர்ந்துவிட்ட பிறகே அது தொடங்குகிறது. படகை இறக்குவது மாலுமிகளின் வேலை. கூடுமிடத்தில் போய்ச் சேர்வது நம் வேலை. அந்த வேலையில் நாம் கழிக்கும் ஒவ்வொரு நிமிடமும் படகில் ஏறும் நேரத்தைத் தள்ளிப்போடுகிறது.

இவ்விடத்தில்தான் கூட்டமாகச் செல்வோருக்குத் தனியான ஓர் இடையூறு உள்ளது. பெரும்பாலான கப்பல்களில், இன்ன அறைக்காரர் இன்ன இடத்தில் கூட வேண்டும் என்று அறை எண்ணைக் கொண்டே ஏற்பாடு செய்திருப்பார்கள். ஒரே குடும்பத்தார் நான்கு அறைகளில் தங்கினால் நான்கு கூடுமிடங்கள் அமையக் கூடும். விழா நடக்கும்போதோ, நாம் எல்லோரும் ஒரே அரங்கில் இருப்போம். அப்போது ஏழு குறுகிய ஒலியும் அதைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியுமாகச் சங்கு முழங்கினால் என்ன செய்வோம்? தாய் பிள்ளையைத் தேடுவாள். பிள்ளை தாத்தாவைத் தேடுவான். சித்தப்பா நகைப்பெட்டியை எடுக்க அறைக்கு ஓடுவார். ஒருவரை விட்டு ஒருவர் போகக் கூடாது என்பது நம் வீடுகளில் வளர்ந்த நற்குணம். அந்நேரத்தில் அதுவே குறுகிய நடைகளிலும் படிக்கட்டுகளிலும் எதிரெதிரே மோதும் கூட்டத்தை உண்டாக்கிவிடும்.

இதற்குப் பரிகாரம் கப்பலேறுமுன்னரே செய்யத் தக்கது. அறைகளைப் பதிவு செய்யும்போதே, முதியோரும் குழந்தைகளும் அவர்களைக் கவனிக்க வல்லவர்களும் ஒரே கூடுமிடத்தைச் சேருமாறு அடுத்தடுத்த அறைகளைக் கேட்டு வாங்க வேண்டும். பத்துப் பேருக்கு ஒருவராகப் பொறுப்பாளரை நியமித்து, அந்தப் பத்துப் பேரின் பெயர், வயது, அறை எண், கூடுமிடம் ஆகியவற்றை அவர் கையில் கொடுக்க வேண்டும். கூடுமிடத்தில் யாரேனும் வரவில்லையென்றால், தேடிக்கொண்டு புறப்படாமல், அங்குள்ள சிப்பந்தியிடம் உடனே சொல்ல வேண்டும். பல கப்பல்களில் குழந்தைகளுக்குக் கூடுமிடத்தின் எண் பொறித்த கைப்பட்டை தருகிறார்கள். விளையாட்டுக் கூடத்தில் இருக்கும் குழந்தையை அழைத்து வருவது சிப்பந்திகளின் பொறுப்பு. இந்த ஏற்பாடு எவ்வாறென்று பெற்றோர் முதல் நாளே கேட்டறிந்தால், ஆபத்து நேரத்தில் வீண் அலைச்சல் இராது. பொருளுக்காக அறைக்குத் திரும்பலாகாது, மின்தூக்கியில் ஏறலாகாது. இவ்விரண்டையும் எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் சில வேளை இந்தியிலும் ஒலிக்கும். வேற்று மாநிலத்தில் வேலை பார்க்கும் நமக்கு அவை விளங்கும். பேரன் பேத்தியைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிக்கு விளங்குமா? ‘மஸ்டர் ஸ்டேஷன்’ என்ற பலகையைப் பார்த்து அதுதான் தாம் போய்ச் சேர வேண்டிய இடம் என்று அவர் எவ்வாறு அறிவார்? எனவே, ஒரு தாளில் தமிழில் நான்கே வரிகள் எழுதி ஒவ்வொரு முதியவரிடமும் கொடுக்கலாம். சங்கு எப்படி ஒலிக்கும், எங்கே போக வேண்டும், யாருடன் போக வேண்டும், எதை எடுக்கக் கூடாது, இவ்வளவே போதும். அவரைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்று அந்த இடத்தை ஒருமுறை காட்டிவிட்டால் இன்னும் நலம்.

அடுத்தது தீ. நம் விழாக்கள் விளக்கேற்றித் தொடங்குபவை. கற்பூரமும் ஊதுவத்தியும் ஹோமமும் நமக்குப் பழகியவை. கப்பலிலோ திறந்த நெருப்பு பேரபாயமாகக் கருதப்படுகிறது. மெழுகுவத்தி, ஊதுவத்தி, துணி தேய்க்கும் பெட்டி, வெந்நீர் போடும் மின்கெண்டி முதலியவற்றை அறைக்குக் கொண்டுவருவதையே பொதுவாகத் தடை செய்திருக்கிறார்கள். அறுபதாம் ஆண்டு நிறைவுக்குரிய ஹோமத்தை வீட்டிலோ கோயிலிலோ முடித்துக்கொண்டு, கப்பலில் விருந்தும் இசையும் வைத்துக்கொள்வதே முறை. அரங்கில் மின்விளக்கால் ஆன குத்துவிளக்கு போதும். யாருக்கும் தெரியாமல் அறைக்குள் ஒரு சூடம் கொளுத்திவிடலாமென்று எண்ணுபவர், தம் பக்திக்காக ஆயிரக்கணக்கான பேரின் உயிரைப் பணயம் வைக்கிறார்.

உடல்நலத்திலும் விழிப்பு வேண்டும். நாள்தோறும் உட்கொள்ளும் மருந்தைப் பெரிய பெட்டியில் வைத்துவிட்டால், அது அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகலாம், கைப்பையிலேயே இருக்கட்டும். கர்ப்பிணிகளை 24ஆம் வாரம் முதல் ஏற்றுக்கொள்வதில்லை என்பது பல கப்பல் நிறுவனங்களின் விதி. கைக்குழந்தைகளுக்கும் வயது வரம்பு உண்டு. சக்கர நாற்காலி வேண்டுவோர் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். தொற்றுநோய் கப்பலில் எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதை 2020 பிப்ரவரியில் யோக்கோஹாமாவில் நிறுத்தி வைக்கப்பட்ட டயமண்ட் பிரின்சஸ் கப்பல் உலகுக்குக் காட்டியது. அதிலிருந்த 3,711 பேரில் 712 பேருக்குக் கொரோனா தொற்றியது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோவைரஸ் கைக்கழுவும் திரவத்திற்கு அவ்வளவாக அடங்குவதில்லை. பந்திக்கு முன் சோப்பும் தண்ணீரும் கொண்டு கைகழுவுவதே தக்க காப்பு. காய்ச்சல் கண்டவர், கூட்டத்தாருக்கு ஏமாற்றம் ஆகுமே என்று மறைத்துக்கொண்டு வரலாகாது. அவர் வராமலிருக்க நேர்ந்தால் மனம் வருந்தாத வண்ணம் நடந்துகொள்வது அழைப்பவரின் கடமை.

இனி, காவல். 2004 ஜூலை 1 முதல் கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்கும் சர்வதேசக் காவல் விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. பெட்டிகளைச் சோதிப்பதும், ஏறும்போதும் இறங்கும்போதும் அட்டையைப் பதிவு செய்வதும் அவற்றின்படியே. சோதனைக்கு நிற்பது தாமதமாயிருக்கிறதென்று சிப்பந்தியிடம் சண்டையிடுவதும், ஒருவர் அட்டையை மற்றொருவர் உபயோகிப்பதும் கப்பலில் யார் இருக்கிறார் என்ற கணக்கைக் கெடுத்துவிடும். ஆபத்துக் காலத்தில் அந்தக் கணக்கே உயிர்.

கூட்டத்தில் அனைவரும் நம்மவர் என்ற நம்பிக்கை நமக்கு இயல்பு. ஆயினும், கப்பலில் நம் கூட்டத்துடன் வேறு பல நூறு பேரும் இருப்பார்கள். அறை எண்களைப் பலர் பார்க்கும் வாட்ஸப் குழுக்களில் வெளியிடாதிருப்பதும், கதவைத் தட்டுபவர் யாரென்று அறிந்து திறப்பதும், குழந்தைகளைத் தனியே நீச்சல் குளத்திற்கோ பால்கனிக்கோ விடாதிருப்பதும் நலம். எல்லாக் கப்பல்களிலும் குளத்தருகே காவலர் இருப்பதில்லை. பால்கனிக் கைப்பிடியருகே நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் மீது குழந்தையை நிறுத்திப் படமெடுக்கும் வழக்கத்தை அறவே விட வேண்டும். அவமதிப்போ குற்றமோ நேர்ந்தால், குடும்ப மானம் என்று மூடி மறைக்காமல், கப்பலின் காவல் அதிகாரியிடம் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் பதிவான கப்பல் எந்தக் கடலில் இருந்தாலும், அதில் நிகழும் குற்றத்திற்குப் பாரதிய நியாய சன்ஹிதை பொருந்தும். வெளிநாட்டில் பதிவான கப்பலாயின் நடுக்கடலில் அந்நாட்டுச் சட்டம் குறுக்கிடும். பணம் கட்டுமுன்னரே கப்பல் எங்கே பதிவானது என்று கேட்டறிவது இதனால்தான் அவசியமாகிறது.

பெயர்ப் பட்டியலின் ஒரு பிரதியைக் கரையில் தங்கும் பொறுப்புள்ள ஒருவரிடம் கொடுத்துச் செல்ல வேண்டும். இந்தியக் கடலோரக் காவற்படையின் 1554 என்ற எண்ணையும் அவரிடம் குறித்துக் கொடுக்கலாம்.

விழாவை நடத்துபவர்களுக்கு இறுதியாக ஒரு வேண்டுகோள். நிகழ்ச்சி நிரலை அச்சிடும்போது முதல் நிகழ்ச்சியாக நாம் வழக்கமாக வரவேற்புரையைப் போடுவோம். கப்பலில் நடக்கும் விழாவுக்கு அதற்கு முன்னரே ஒரு நிகழ்ச்சியைச் சேர்க்க வேண்டும். கப்பலார் நடத்தும் பயிற்சியில் அனைவரும் கலந்துகொள்வதே அது. தலைவரும் சிறப்பு விருந்தினரும் முன்னே நின்று லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிக்கொண்டால், மற்றவர்கள் அதை வேடிக்கையாக எண்ண மாட்டார்கள். எத்தனை பேரை அழைத்துச் சென்றோமோ அத்தனை பேரையும் துறைமுகத்தில் எண்ணி இறக்கி, அவரவர் வீட்டாரிடம் ஒப்படைத்த பிறகே விழா இனிது முடிந்தது என்று நன்றியுரை கூறலாம்.