கிராமத்து மனையும் அனுமதிப் பத்திரமும்

(புதுக்கோட்டை ஜில்லா ஐக்கிய நாணய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது வீடு கட்டும் விஷயம். விதைக்கும் உரத்துக்கும் மாட்டுக்கும் சங்கத்தில் கடன் வாங்குகிறவர் ஒரு போகத்தில் நஷ்டமடைந்தாலும் மறு போகத்தில் தலை நிமிரலாம். வீட்டுக்காக வாங்கும் கடன் அப்படிப்பட்டதன்று. ஒரு குடும்பம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பல வருஷம் சேர்த்த பொருள் முழுவதும் செங்கல்லும் சிமெண்டுமாக ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. அது கட்டத்தகாத இடமென்று பின்னால் தெரியவந்தால் பொருளைப் பெயர்த்தெடுக்க வழியில்லை. கடன் மாத்திரம் பாக்கி நிற்கும். ஜாமீன் போட்டவரும் அகப்பட்டுக்கொள்வார். ஆகையால் இது வீட்டுக்காரர் ஒருவரின் சொந்த விவகாரமன்று, சங்கத்தின் விவகாரமுமாகும்.

அனுமதி வாங்குவது இப்போது வெகு சுலபமாகிவிட்டது. 2024ஆம் வருஷம் ஜூலை மாதம் 22ந் தேதி தமிழ்நாடு சர்க்கார் சுயசான்று முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். மனை 2,500 சதுர அடிக்கும், கட்டடம் 3,500 சதுர அடிக்கும் மேற்படாமல், தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ உள்ள குடியிருப்பு வீடாக இருந்தால், சொந்தக்காரர் தாமே உண்மையென்று ஒப்புக்கொண்டு கணினி வழியே விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். முன்கூட்டிய ஸ்தல பரிசோதனை இல்லை. பரிசீலனைக் கட்டணம் இல்லை. கட்டி முடித்தபின் முடிவுச் சான்று பெறவேண்டுமென்ற நிர்ப்பந்தமும் இல்லை. கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் இம்முறை பொருந்தும். ஏழை எளியவர்கள் ஒரு கையெழுத்துக்காகப் பல நாள் அலைந்த சிரமம் இதனால் குறைந்திருக்கிறது. இது நல்ல ஏற்பாடென்பதே என் அபிப்பிராயம்.

ஆனால் சுயசான்று என்ற பெயரிலேயே அதன் பாரமும் அடங்கியிருக்கிறது. முன்பு ஸ்தலத்தைப் பார்வையிட வருகிறவர், “இது வரத்து வாரியாயிற்றே, இங்கே எப்படிக் கட்டுவீர்கள்?” என்று தடுக்க ஒரு சந்தர்ப்பம் இருந்தது. இப்பொழுது பார்க்கவேண்டியவர் சொந்தக்காரர் ஒருவரே. அவர் எழுதிக் கொடுத்த விவரம் பொய்யென்று தெரிந்தால் அனுமதி ரத்தாகும். அனுமதிப் பத்திரம் கட்டடத்தின் அளவையும் அமைப்பையும் ஒப்புக்கொள்கிறதேயன்றி, நிலத்தின் தன்மையை மாற்றுவதில்லை. வீட்டு வரி ரசீதும் அப்படியே. மின்சார இணைப்பும் அப்படியே. கிராம சபையில் கைதூக்கிச் செய்த தீர்மானமும் அப்படியே. இவற்றைப் பத்திரம் போலப் பெட்டியில் வைத்துப் பூட்டி, நிலம் தமக்குச் சொந்தமாகிவிட்டதென்று நிம்மதியாக இருப்பவர் நம்மிடையே ஏராளம்.

நிலத்தின் தன்மை எழுதியிருக்கும் இடம் வேறு. அதைச் சர்வே நம்பர் வாரியாகக் காட்டுவது ‘அ’ பதிவேடு. நஞ்சையா, புஞ்சையா, நத்தமா, புறம்போக்கா, புறம்போக்கானால் எவ்வகை என்பதெல்லாம் அதில் உண்டு. பட்டா யார் பெயருக்கு என்பதைச் சிட்டா சொல்லும். எல்லை எங்கே என்பதைப் புலப்படம் சொல்லும். முன்பு யார் யாருக்கு விற்றார், அடமானம் வைத்தார் என்பதை வில்லங்கச் சான்று சொல்லும். கர்ணம் பதவி 1980இல் ஒழிந்தது. அவர் மனம் வைத்தால்தான் கணக்கைக் காணலாம் என்றிருந்த காலமும் அத்துடன் போயிற்று. இன்று கிராம நிர்வாக அதிகாரியிடம் கேட்டறியலாம். பட்டாவையும் ‘அ’ பதிவேட்டு நகலையும் கணினியிலேயே பார்க்கலாம். பத்திர எழுத்தரின் வாய்வார்த்தையை நம்பி முன்பணம் கொடுப்பதற்கு இனி யாதொரு நியாயமுமில்லை.

நம்முடைய ஜில்லாவில் இந்தக் கணக்குகளைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கவேண்டும். 1948 மார்ச்சு வரையில் இது தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானம். பிறகு திருச்சிராப்பள்ளி ஜில்லாவோடு சேர்ந்து, 1974 ஜனவரி 14ந் தேதி தனி ஜில்லாவாயிற்று. அறந்தாங்கிப் பக்கம் தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து வந்தது. ஆகவே ஓரூரின் பழைய தஸ்தாவேஜு சமஸ்தானக் கணக்கிலும், மற்றோர் ஊரினது தஞ்சாவூர்க் கணக்கிலும் இருக்கும். சமஸ்தானத்தில் இனாம் நிலங்கள் மிகுதி. கோயிலுக்கும் சத்திரத்துக்கும் ஊழியத்துக்கும் விடப்பட்ட இனாம்களைத் திவான் சேஷையா சாஸ்திரியார் காலத்தில், 1888இல், ஒழுங்குபடுத்தினார்கள். சிறு இனாம்களை ஒழித்து ரயத்துவாரியாக மாற்றும் சட்டம் 1963இல் வந்தது. அதன்பின் பட்டா யாருக்கு வந்தது, கோயிலுக்கா குடியானவருக்கா என்பதைப் பாராமல் இனாம் மனையை வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றைத் தாண்டுவதாகும். கோயில் நிலமானால், 1959ஆம் வருஷத்து இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, கமிஷனரின் உத்தரவில்லாமல் செய்த விற்பனை செல்லாது. அடிமனை வாடகை கொடுத்து அங்கே குடியிருப்பவர் வீட்டை விற்றால், வாங்குகிறவருக்குச் சேருவது சுவரும் கூரையுமே. கீழிருக்கும் மண் சுவாமியினுடையதுதான்.

இனித் தண்ணீரைப் பற்றிச் சொல்லுகிறேன். வெள்ளாறு போன்ற ஆறுகள் இருந்தும், நம் ஜில்லாவின் பெரும்பகுதி மழையையும் கண்மாயையும் நம்பியே பிழைக்கிறது. கவிநாட்டுக் கண்மாய் போன்ற பெரியவை முதல், பெயர் கூடத் தெரியாத ஏந்தலும் ஊருணியும் வரை, ஒன்றின் கலிங்கு வழிந்து வாரி வழியே மற்றொன்றில் சேரும்படி நம் முன்னோர் அமைத்திருக்கிறார்கள். நாலைந்து வருஷம் மழை பொய்த்தால் கண்மாயின் உள்வாய் மேய்ச்சல் காடு போலத் தோன்றும். வாரியோ, வண்டிப்பாதை போல் மேடு தட்டிப்போகும். அப்பொழுதுதான் தரகர் வருவார். “தண்ணீரைப் பார்த்து எத்தனை வருஷமாயிற்று!” என்பார். நல்ல மழை பெய்கிற வருஷத்தில் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வரும். வாரியில் வீடிருந்தால் வீட்டுக்காரர் நனைவது ஒருபுறம். கீழேயுள்ள கண்மாய் நிரம்பாமல் அந்த ஆயக்கட்டு முழுவதும் தரிசாகும். அந்த ஆயக்கட்டுக்காரர்களும் நம் சங்கத்து அங்கத்தினர்களே. அவர்கள் வாங்கிய பயிர்க்கடனும் நம் சங்கத்தினுடையதே.

சட்டம் இவ்விஷயத்தில் கண்டிப்பானது. பொதுப்பணித் துறையின் ஆதீனத்திலுள்ள ஏரி கண்மாய்களை அளந்து எல்லையிட்டு ஆக்கிரமிப்பை அகற்ற 2007இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ளவை பஞ்சாயத்து யூனியன் வசம் இருப்பதால், அவற்றில் சற்றுத் தாராளம் உண்டென்று சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு. 2011 ஜனவரி 28ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் பஞ்சாப் மாகாணத்துக் குளம் ஒன்றைப் பற்றிய வழக்கில் தீர்ப்புச் சொல்லுகையில், கிராமப் பொதுநிலங்களிலுள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாகாண சர்க்கார்களுக்கும் கட்டளையிட்டார்கள். நெடுங்காலம் அனுபவித்ததும், பெரும் பணம் செலவிட்டுக் கட்டியதும் ஆக்கிரமிப்பை நிலைக்கச் செய்யக் காரணமாகா என்பதையும் அதில் வற்புறுத்தினார்கள். நிலமற்ற கூலிக்காரர்களுக்கும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கும் சர்க்காரே உத்தரவு போட்டுக் குத்தகைக்குக் கொடுத்தது போன்ற சில சந்தர்ப்பங்களுக்கு மாத்திரம் அதில் விலக்கு உண்டு. தரகரிடம் வாங்கியவர் அந்த விலக்கில் வரமாட்டார்.

நம் ஜில்லாவுக்கே உரிய மற்றொரு கட்டுப்பாடு பழஞ்சின்னங்களைப் பற்றியது. சித்தன்னவாசல், நார்த்தாமலை, கொடும்பாளூர் மூவர் கோயில், திருமயம் கோட்டை முதலியவை மத்திய சர்க்காரின் தொல்பொருள் இலாகா பாதுகாப்பில் இருப்பவை. 2010இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, இத்தகைய ஸ்தலத்தின் பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து நாற்புறமும் 100 மீட்டர் தூரம், அதாவது சுமார் 330 அடி, தடை செய்யப்பட்ட பகுதி. அங்கே புதிதாக எதுவும் கட்டலாகாது. அதற்கப்பால் இன்னும் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. அங்கே கட்டவோ இடித்துக் கட்டவோ பழுது பார்க்கவோ விரும்பினால் தேசிய நினைவுச்சின்ன அதிகார சபையின் சம்மதம் வேண்டும். பஞ்சாயத்தின் அனுமதி மட்டும் போதாது. தடைப் பகுதியில் மீறிக் கட்டினால் இரண்டு வருஷம் வரை சிறையோ, லட்ச ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

இதைக் கேட்டு, கோட்டையடியில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் கலங்கவேண்டாம். 1992 ஜூன் 16ந் தேதிக்கு முன்பே இருந்த வீடானால், தடைப் பகுதிக்குள்ளும் அதைப் பழுது பார்க்கவும் புதுப்பிக்கவும் விண்ணப்பித்து அனுமதி பெறச் சட்டத்தில் இடமுண்டு. அவ்வீடு அத்தேதிக்கு முந்தியதென்று காட்டுவதற்குத்தான் பழைய வரி ரசீது உதவும். நான் முன்பு குறை கூறிய அதே ரசீது இங்கே மதிப்புப் பெறுகிறது. ஆகையால் பழைய காகிதம் என்று அடுப்பில் போட்டுவிடாதீர்கள். குகைச் சித்திரத்தையும் கற்றளியையும் காக்கும் பொருட்டு ஏழையின் ஓட்டு வீட்டுக்கு இத்தனை நிர்ப்பந்தமா என்று கேட்பவர்களின் வருத்தத்தில் நியாயமில்லையென்று நான் சொல்லமாட்டேன். விண்ணப்பம் தாமதமின்றி முடியுமானால் அந்த வருத்தம் பெரிதும் தணியும்.

கிழக்கேயுள்ள அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. 2017 பிப்ரவரியில் ஆலங்குடி தாலூகா நெடுவாசலில் ஹைட்ரோ கார்பன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்துக் குடியானவர்கள் நடத்திய கிளர்ச்சியை யாவரும் அறிவீர்கள். 2020இல் காவிரிப் பாசனப் பிரதேசத்தைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக ஆக்கும் சட்டம் பிறந்தது. நம் ஜில்லாவில் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய ஐந்து யூனியன்கள் அதில் அடங்கும். எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டுதல், செம்பு, துத்தநாகம் உருக்கும் ஆலை, தோல் பதனிடும் தொழிற்சாலை முதலியவற்றைப் புதிதாக அங்கே தொடங்கக்கூடாது. இதை வைத்துக்கொண்டு, அந்த யூனியன்களில் மாட்டுக் கொட்டகை போடவும் மச்சு வீடு கட்டவும் கூடாதென்று வதந்தி உலவுகிறது. அதில் உண்மையில்லை. எதிர்மாறாக, மற்ற எட்டு யூனியன்களில் நஞ்சையை மனையாக்க யாதொரு தடையுமில்லை என்று சொல்பவரும் உண்டு, அதுவும் பிசகு. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-அ பிரிவுப்படி, திட்டம் வகுக்கப்படாத பகுதிகளில் எந்த விவசாய நிலத்தையும் வேறு உபயோகத்துக்கு மாற்ற, அவ்விலாகா இயக்குநரின் இசைவோடு உள்ளாட்சி ஸ்தாபனத்தின் அனுமதி முதலில் வேண்டும்.

அப்படி மாற்றாமல், வயலில் கல் நட்டுக் கயிறு கட்டி விற்கும் மனைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு 2016 அக்டோபர் 20ந் தேதி முதல் அமுலில் இருக்கிறது. முன்னமே மனையாகப் பதிவானதென்று காட்டினாலொழிய, அங்கீகாரமில்லாத மனையைச் சப்-ரிஜிஸ்திரார் பதியமாட்டார். அத்தேதிக்கு முன் பிரித்து விற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்தன. ஆயினும் நீர்நிலையில் போட்ட மனைக்கு அந்த வழியும் இல்லை. உங்களிடமுள்ள மனை அவ்விதமானால், மறு வாரமே நகர் ஊரமைப்புக் கச்சேரியில் அதற்கு இன்னும் தவணை இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

மனை வாங்க நினைக்கும் அங்கத்தினர், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, சர்வே நம்பரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சங்கக் காரியதரிசியிடம் கொடுக்கலாம். ‘அ’ பதிவேட்டு நகலையும் புலப்படத்தையும் எடுத்து, பஞ்சாயத்தாரில் ஒருவரையும் கண்மாய்ப் பாசனம் அறிந்த முதியவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு ஸ்தலத்துக்குப் போய்ப் பார்க்க ஒரு பிற்பகல் போதும். புலப்படத்தில் வாரி வரைந்திருந்து தரையில் அது காணப்படாவிட்டால், முதியவரைக் கேளுங்கள். எந்த வருஷம், யார் மண்வெட்டியால் அது மூடப்பட்டது என்று அவர் சொல்லுவார்.